மண்டியிட்ட ஹா

அந்தத் தோல் ஏட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டது நான் இல்லை.

பத்து வருடமாக ஆஃபன்பாக் ஊரில் எந்த மதுக்கடையில் போய் உட்கார்ந்தாலும், எவனாவது ஒருவன் சுண்டுவிரலை ஆட்டிக் காட்டி, "என்ன வென்ட்லின், விரல் சௌக்கியமா?" என்று கேட்கிறான். கூட இருப்பவர்கள் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். என் மைத்துனன் கல்யாணத்தில் ஆர்கன் வாசிக்க வந்தவர்கூடக் கேட்டார். நானூற்றைம்பது வருடத்துப் பூசைப் புத்தகத்தில் விரலை நுழைத்த முட்டாள் என்று என் பெயர் மைன் நதியின் இரண்டு கரையிலும் பரவிக் கிடக்கிறது.

விட்டது ஓட்மார் ட்ராப். அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் பாதிரியார், அவர் மடத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஒருவர் பேராசிரியர், அவர் முனிச் போய்விட்டார். மூன்றாவது ஓட்மார். போன மே மாதம் அவரை மண்ணில் வைத்தோம். மிச்சம் இருப்பது நான். ஆகவே சொல்கிறேன்.

ஓட்மார் எங்கள் டைப் வார்ப்புக்கூடத்தில் எழுத்துச் செதுக்குபவர். எஃகுத் துண்டின் நுனியில், கோதுமை மணி அளவு இடத்தில், எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த எஃகைச் செம்பில் வைத்து அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் நான் ஈயத்தை ஊற்றினால் அச்செழுத்து. அவர் ஒன்று செய்தால் நான் லட்சம் செய்வேன். இதை ஒரு தடவை அவரிடமே சொன்னேன்.

"கோழி ஒரு முட்டைதான்டா போடும், ஈயச்சட்டி," என்றார். "முட்டை அடுக்குறவன் லட்சம் அடுக்குவான். அதுக்காக அவனைக் கோழின்னு கூப்பிடுறதா?"

ஈயச்சட்டி என்பது நான். என் ஞானஸ்நானப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது மொத்தம் இரண்டு தடவை.

அவருடைய அப்பா தோல் சுரண்டுபவர். எங்கள் ஊரே தோல் ஊர். ஆனால் மற்றவர்கள் பைக்கும் செருப்புக்கும் தோல் பதனிட்டபோது, ட்ராப் கிழவர் கன்றுத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டி, மேளத்துக்குத் தோலும் பட்டயங்களுக்கு எழுதுதோலும் செய்தார். கத்தி ஒரு மயிரளவு அழுந்தினாலும் போச்சு. காயும்போது தோல் இழுக்கும், அந்தக் கீறல் வாயைத் திறந்து முட்டை வடிவில் ஓட்டையாகிவிடும். ஓட்டைக்குக் கன்னத்தில் ஓர் அறை. இதுதான் சிறுவன் ஓட்மார் படித்த பள்ளிக்கூடம். பதினாலு வயதில் கன்னத்தைக் காப்பாற்றிக்கொண்டு, முத்திரை வெட்டுகிறவர் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து எழுத்துக்கு வந்தார்.

எங்கள் கூடத்துக்கு வருமுன் மூன்று கூடங்களில் வேலை பார்த்திருந்தார். மூன்றிலிருந்தும் போகச் சொன்னார்கள். வேலையில் குறை இல்லை, வாயில்தான். ஷ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய மனிதர் தான் வரைந்த புது எழுத்தைக் கொண்டுவந்து பெருமையாக விரித்தாராம். "பல்வலிக்காரன் மூஞ்சி மாதிரி இருக்குங்க, கன்னத்துல துணி கட்டி விடுங்க," என்றாராம் நம் ஆள்.

செதுக்கிய எஃகைத் தீபத்தில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, காகிதத்தில் ஒற்றிப் பார்ப்பது செதுக்குபவர்கள் வழக்கம். புகைப்படி என்பார்கள். ஓட்மாருக்குக் காகிதம் என்று கட்டுப்பாடு கிடையாது. சட்டைக் கைமடிப்பு, ரொட்டித் துண்டு, என் பாலாடைக்கட்டி சுற்றிய தாள், எதிலும் ஒற்றுவார். நான் மதியச் சாப்பாட்டில் எத்தனை எழுத்து தின்றிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்தப் புகைப்படியை முதலில் பார்ப்பது அவர் மனைவி ஸபீனா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் அவளிடம் காட்டினார். "இது பசியா இருக்கு," என்பாள். "இது கொஞ்சம் குடிச்சிருக்கு," என்பாள். அவர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய் அரத்தை எடுப்பார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் காட்ட ஆரம்பித்தார். நான், "நல்லா இருக்கு மாஸ்டர்," என்பேன். "வீட்டுச் சொந்தக்காரியோட பூனை இதைவிட விவரமா சொல்லுது," என்பார்.

1903 வசந்தத்தில் பேராசிரியர் ருடெகர் வந்தார். நெட்டையாக, தலைமுடி பறக்க, எப்போதும் மாதாகோவிலுக்குள் நுழைகிற மாதிரி மெதுவாக நடக்கிறவர். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பழைய எழுத்துப் பைத்தியம் பிடித்திருந்தது. நம் பைபிள், நம் பத்திரிகை, பீர் போத்தல் சீட்டு, எல்லாம் மடத்துத் துறவிகள் அகலப் பேனாவால் எழுதிய எழுத்தின் பிள்ளைகள்தானே. வளைய வேண்டிய இடத்தில் எல்லாம் வளையாமல் முறிந்து முறிந்து, வேலிப் படல் மாதிரி நெருக்கி நிற்கிற எழுத்து. நானூறு வருடமாக அச்சுக்காரர்கள் அதை வழித்து வழித்து மழுக்கிவிட்டார்கள், மூலத்துக்கே போக வேண்டும் என்றார் பேராசிரியர். மைன்ஸ் பக்கத்து மடம் ஒன்றின் பூசைப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதன் புகைப்படத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் பெரிதாக வரைந்து கொண்டுவந்திருந்தார். முதலாளி ரிட்டல், அவர், ஓட்மார் மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் உலை விறகு கொண்டுவருகிற சாக்கில் நின்றேன்.

"இந்தச் சின்ன ஹாவப் பாருங்க," என்றார் பேராசிரியர். ஹா என்பது h எழுத்துக்கு எங்கள் பெயர். "மத்த எழுத்தெல்லாம் நிக்குது. இது மட்டும் காலை மடக்கி மண்டி போடுது. எழுதுறப்பவே ஜெபம் பண்ணியிருக்கார் அந்தத் துறவி. இந்த ஒரு எழுத்துல இருக்கு அந்தக் காலத்தோட ஆத்மா."

முதலாளி தொப்பியைக் கழற்றினார்.

ஓட்மார் புகைப்படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு கேட்டார்: "ஐயா, இந்தப் பக்கத்துல ஹா மொத்தம் எத்தனை?"

"பதினேழு."

"மண்டி போடுறது?"

"ரெண்டு."

"மத்த பதினஞ்சுக்கும் பக்தி கம்மியோ?"

முதலாளி இருமினார். பேராசிரியர் பொறுமையாக, "அபூர்வமா இருக்குறதாலதான் அது உயர்ந்தது," என்றார்.

"ரெண்டும் ஒரே வரியில, ஒட்டி ஒட்டி இருக்குதுங்களே."

"ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணுக்கும் பக்தி வந்திருக்கு."

"கீழ் வரியில அதே இடத்துல எழுத்தே இல்லையே. வெறும் இடமா விட்டிருக்காரு."

"அது மௌனம்," என்றார் பேராசிரியர்.

"மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஓட்டைங்க அது. தோல்ல ஓட்டை. நடந்து போறப்ப முன்னால குழி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? காலை மடக்கிக்குவீங்க. அதைத்தான் அந்த ஹாவும் பண்ணியிருக்கு. ஜெபமும் பண்ணல, ஒண்ணும் பண்ணல. விழாம தப்பிச்சிருக்கு."

புகைப்படத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அந்த இடம் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, இந்த மாதிரி ஆளிடம் பேசுவதில் பயன் இல்லை என்பதுபோல முதலாளியைப் பார்த்தார்.

அடுத்த ஏழு வாரத்தில் ஓட்மார் எல்லா எழுத்தையும் செதுக்கி முடித்தார். ஹாவை மட்டும் தொடவில்லை. முதலாளி சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் என் மேசை மேல ஹா இருக்கணும். இல்லேன்னா இந்தக் கூடத்துல நீ இருக்க மாட்டே."

"ஓட்டையை எழுத்துன்னு சொல்லி என் கையால வெட்ட மாட்டேன், முதலாளி."

"அப்ப அரத்தையெல்லாம் பெட்டியில அடுக்கு."

ஓட்மாருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. நான்காவது இடத்திலிருந்தும் வாயால் துரத்தப்பட்டவனை எந்தக் கூடம் சேர்க்கும்? ஐந்தாவதாக ஓர் இடம் இந்த நாட்டிலேயே அவருக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். அப்படியும் அன்று மத்தியானம் வந்திருந்த பேராசிரியரின் வழியை மறித்தார்.

"ஐயா அந்தப் புத்தகத்தை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

பேராசிரியரின் காது மட்டும் சிவந்தது.

"பார்ப்போம் வாங்க. ஓட்டை இல்லேன்னா, போறப்ப உங்க கையால பெட்டியை எடுத்துக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன். இருந்துச்சுன்னா ஹாவ எந்திரிச்சு நிக்க வைக்கிறேன்."

பேராசிரியர், "வெள்ளிக்கிழமை எட்டே கால் ரயில்," என்றார். எந்தப் பக்கமும் சாயாத சாட்சி ஒருவன் வேண்டும் என்றார் முதலாளி. எழுத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத ஒரே ஆள் இந்தக் கூடத்தில் நான்தான் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். போனேன்.

பேராசிரியர் இரண்டாம் வகுப்பு. நாங்கள் நான்காம் வகுப்பு, பலகையில். ஓட்மார் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மாஸ்டர், ஓட்டை இல்லேன்னா?"

"இருக்கு."

"நீங்க பார்த்தீங்களா?"

"ஓட்டைக்கு ஒண்ணுன்னு கன்னத்துல வாங்கினவன்டா நான். எனக்குத் தெரியாதா?"

"சரி, ஒருவேளை இல்லேன்னா எங்க போவீங்க? ஷ்டுட்கார்ட்?"

"அங்கதான் அந்தப் பல்வலிக்காரன் இருக்கானே." பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். பிறகு, "வென்ட்லின், ரொட்டியையும் அந்த வெங்காயத்தையும் எடு," என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மடத்தில் நூலகப் பாதிரியார் எம்மெராம், குட்டையாக உருண்டையாக இருந்தார். எங்கள் கையைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். மூன்று தடவை சோப்புப் போடவைத்தார். ஈயக் கருப்பும் எஃகுக் கருப்பும் சோப்புக்குப் போகாது. "தொடக்கூடாது. மூச்சும் அந்தப் பக்கம் விடணும். வெங்காயம்," என்றார். புத்தகத்தை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோலக் கொண்டுவந்து சாய்மேசையில் வைத்துத் திறந்தார்.

அதே பக்கம். அதே இரண்டு ஹா. அவற்றின் கீழே கருப்பாக ஒரு புள்ளி, கட்டைவிரல் நகம் அளவு.

"மை!" என்றார் பேராசிரியர். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மை சிந்தியிருக்கு! கறையா இருக்கேன்னு புகைப்படக்காரன் வெள்ளை பூசிச் சுத்தம் பண்ணியிருக்கான். அவ்வளவுதான். ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் ஓட்மாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கை சட்டைப் பையில் எதையோ தேடியது, ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தது. பாதிரியார் புத்தகத்தை மூடப் போனார்.

"ஃபாதர்," என்றார் ஓட்மார் மெதுவாக. "அந்த ஒரு ஏட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பீங்களா? ஜன்னல் பக்கமா."

பாதிரியார் நுனிவிரலால் ஏட்டைத் தூக்கினார். கருப்புப் புள்ளி அப்படியே கீழ் ஏட்டிலேயே தங்கிவிட்டது. அது அடுத்த பக்கத்துப் பெரிய எழுத்தின் வயிறு. மேல் ஏட்டில், அந்த இரண்டு ஹாக்களின் காலடியில், முட்டை வடிவில் வெயில் தெரிந்தது.

இதன் பிறகு நடந்ததைத்தான் ஊர் என் தலையில் கட்டியிருக்கிறது. பேராசிரியர் இன்னும் நம்பாமல் மேசையைச் சுற்றி ஏட்டின் பின்பக்கம் போனார். முன்பக்கம் நின்ற ஓட்மார், ஏழு வார ஆத்திரமும் ஒரு நிமிடத்துப் பயமும் சேர, "இது மையா? இது மையா?" என்று கேட்டுக்கொண்டே சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டார்.

பாதிரியார் அலறினார்.

பின்பக்கம் நின்ற பேராசிரியர் அலறவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓட்டை கிடைத்த எரிச்சலிலோ சந்தோஷத்திலோ, அந்தத் துறவி பின்பக்கத்தில் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தார். மொட்டைத் தலை, கொழுத்த கன்னம், இடுங்கின கண். ஓட்டைதான் வாய். அந்த வாய்க்குள்ளிருந்து இப்போது ஓட்மாரின் சுண்டுவிரல் நாக்கு மாதிரி பேராசிரியரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"எடு! எடுய்யா!" என்றார் பாதிரியார்.

"வர மாட்டேங்குது ஃபாதர்," என்றார் ஓட்மார்.

நாற்பது வருடம் எஃகைப் பிடித்த விரல். முட்டி வீங்கி, கொட்டை மாதிரி இருக்கும். போனது, திரும்பவில்லை. அவர் கொஞ்சம் ஆட்டினார். அந்தப் பக்கம் நாக்கு இன்னும் நன்றாக ஆடியது. அப்போதுதான் பேராசிரியர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானூத்தம்பது வருஷமா எனக்குன்னே காத்துட்டு இருந்து நாக்கை நீட்டுறான்யா! எனக்குன்னே!" என்றார். பாதிரியார் செபம் சொல்லிக்கொண்டே விரலைத் திருகித் திருகி வெளியே எடுத்தார். நல்ல தோல். ஓர் இழைகூடக் கிழியவில்லை. ஓட்மாரே அதைத் தடவிப் பார்த்து, "எங்கப்பன் பார்த்திருந்தா இதுக்கும் ஒண்ணு விட்டிருப்பான்," என்றார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு, நிமிர்ந்து நிற்கிற ஹாவின் புகைப்படி முதலாளி மேசைமேல் இருந்தது. பேராசிரியரே அருகில் நின்று, "இதுதான் சரி," என்றார். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போ, வேலையைப் பாரு," என்றார். ஓட்மார் பெட்டியிலிருந்து அரங்களை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

புதன்கிழமை பாதிரியாரின் கடிதம் வந்தது. தங்கள் தொழிலாளர் ஒருவர் அழுக்கு நகத்தோடு கூடிய விரலை எங்கள் புத்தகத்துக்குள் நுழைத்தார் என்று. முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்து, "யாரு?" என்று கேட்டார்.

ஓட்மார் யோசிக்கவே இல்லை. கட்டைவிரலால் என்னைக் காட்டினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். ஈயம் ஊற்றுகிறவனைத் திட்டுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். நாலு நாளுக்கு முன் வாசல்படிவரை போய்த் திரும்பிய எழுத்துச் செதுக்குபவரைத் திட்டுவதோடு விடமாட்டார்கள். "ஆமா முதலாளி, நான்தான்," என்றேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான்கு வருடம் பள்ளிக்கூடம் போனவனுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. எழுதி முடித்து ஓட்மாரிடம் காட்டினேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "உன் ஹா சாயுதுடா," என்றார்.

அதற்குமேல், கதையை ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். சொல்லச் சொல்ல என் விரல் தடித்துக்கொண்டே போனது.

ஆனால் ஹா விஷயம் அங்கே முடியவில்லை. ஏழு வாரத்துக்கு முன்பே முதலாளி ஒரு காரியம் செய்திருந்தார். பேராசிரியர் வரைந்த மண்டியிட்ட ஹாவைப் பெரிதாகப் போட்டு ஒரு விளம்பரத் தாள் அடித்து எல்லா அச்சகங்களுக்கும் அனுப்பியிருந்தார். ஆர்டர்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: அந்த மண்டியிடும் எழுத்து கட்டாயம் வேண்டும். ஒரு போதகரின் மனைவி அதைப் பார்த்து அழுதாளாம். ஒரு பீர்க்காரர் அதைத் தன் பீப்பாய்களில் சுட்டுப் பொறிக்க விரும்பினார்.

பேராசிரியரே பட்டறைக்கு இறங்கி வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"மாஸ்டர், அதையும் ஒண்ணு வெட்டிக் குடுங்க."

"ஓட்டைன்னு தெரிஞ்ச பிறகுமா?"

"எனக்கும் உங்களுக்கும் தெரியும். அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு. நான் என்ன பண்ண?"

ஓட்மார் மறுநாள் செதுக்கினார். அழகாகத்தான் செதுக்கினார், அவரால் வேறு மாதிரி முடியாது. புகைப்படியை என்னிடம் நீட்டினார்.

"நல்லா இருக்கு மாஸ்டர்," என்றேன்.

"பொய் சொல்றவன் முகம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

பத்து வருடமாக நான் வார்க்கிறேன். நிற்கிற ஹா ஒன்று போனால் மண்டியிடுகிற ஹா ஆறு போகிறது. கல்யாணப் பத்திரிகை, மருந்துக் கடை, ராணுவ வீரர் சங்கம், எங்கும் அது காலை மடக்கிக்கொண்டு நிற்கிறது. பார்த்துப் பார்த்து மற்ற ஊர்க் கூடங்களும் தங்கள் எழுத்துகளில் அதேபோலக் காலை மடக்கிவிட்டன. ஓட்மார் தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடைப் பலகைக்கும் ஒரு வசவு. அவரோடு கோயிலுக்குப் போவதை என் மனைவி நிறுத்திவிட்டாள்.

போன ஏப்ரலில் நெஞ்சில் நீர் கோத்து ஓட்மாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாலாடைக்கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது.

"ஏன் மாஸ்டர், வெளிச்சம் கூசுதா?"

"எதிர்ல ரொட்டிக்கடை. பலகையில அது மண்டி போட்டுட்டு நிக்குது. சாகுறப்ப அதைப் பார்த்துட்டே சாகணுமான்னு நர்ஸ்கிட்ட சொல்லிக் கட்டிலைத் திருப்பினேன்."

"இப்பத் தேவலையா?"

"தலைய நிமித்திப் பாரு."

எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட வேதவாக்கியம். முதல் வரியிலேயே மூன்று ஹா. மூன்றும் மண்டியிட்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் இருமலாக மாறிவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வென்ட்லின், உன் மெஷினுக்குப் பக்கத்துலதானே பொட்டலம் கட்டுறாங்க?"

"ஆமா மாஸ்டர்."

"ரெண்டு ஹாவும் ஒரே அகலம், ஒரே உயரம். நான்தானே வெட்டினேன். அதனால கேக்குறேன், கவனமாக் கேளு. மண்டி போடுற ஹா நூறு எண்ணிப் பொட்டலம் போடுறப்ப, நிக்கிற ஹா ஒரு மூணு அதுக்குள்ள கலந்து விட்டுடு. அச்சுக் கோக்குறவன் அவசரத்துல பார்க்க மாட்டான். படிக்கிறவன் எவனாவது ஒருத்தன் எங்கயாவது ஒரு வரியில பார்த்து, இது மட்டும் ஏன் நிக்குதுன்னு யோசிக்கட்டும். அவன் பேராசிரியரா இருந்தா இன்னும் விசேஷம். மூணே மூணுடா. நாலு போட்டா கண்டுபிடிச்சிருவாங்க."